வாழைப்பழம் கணக்கில் வராது

உட்காருங்கள் சார். துண்டைப் பார்த்துத் தயங்க வேண்டாம், அது நான் போட்டதுதான். ஒரு ஆளுக்காக இடம் பிடித்து வைத்திருக்கிறேன். அந்த ஆள் கீழே இறங்கியிருக்கிறான். அவன் வந்ததும் எழுந்துகொண்டால் போதும். பின்னால் ஒரு இடம் காலியாக இருக்கிறது, ஆனால் சக்கரத்துக்கு மேலே, குலுக்கும். வண்டி திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இருபது நிமிஷம் நிற்கும். மதுரைக்குத்தானே? நாங்களும் மதுரைக்குத்தான்.

யார் அந்த ஆளா? என் சம்பந்தி. பெயர் காத்தமுத்து. எரியோட்டில் கறிக்கடை வைத்திருக்கிறான். என் மகன் அவன் மகளைக் கட்டியிருக்கிறான். எனக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஏழு மாதமாக ஒரு வார்த்தை இல்லை. பிறகு எதற்கு இடம் பிடிக்கிறாய் என்று கேட்காதீர்கள். இடம் பிடிப்பது வேறு, பேச்சு வேறு. நான் முப்பத்தொரு வருஷம் வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் வாட்ச்மேனாக இருந்தவன். பிடிக்காத மானேஜருக்கும் கேட்டைத் திறந்து விட்டிருக்கிறேன்.

இந்தத் துண்டின் ஓரத்தைப் பாருங்கள் சார். கடித்த மாதிரி இருக்கிறதா? ஆடு கடித்தது. அந்த ஆளுடைய ஆடு. அதைச் சொல்ல ஆரம்பித்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சரி, வண்டி எடுக்க நேரம் இருக்கிறது.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பேத்தி. தன்ஷிகா என்று பெயர் வைத்தார்கள். நான் தன்சி என்பேன். எட்டு வயது. போன வருஷம் அவளுக்கு ரத்தத்தில் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வருவது, பெரும்பாலும் குணமாகிவிடும் என்றும் சொன்னார்கள். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி. ஊசி, மாத்திரை, ஊசி. நடுவில் பத்து நாள் வீட்டுக்கு அனுப்புவார்கள். வீடு என்றால் என் வீடு. என் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அதனால் மருமகள் சுகந்தியும் பிள்ளையும் என்னோடு இருந்தார்கள். அதிலேயே அந்த ஆளுக்குப் பொறாமை.

ஆனால் பகை அதற்கும் முன்னால் ஆரம்பித்தது. பிள்ளைக்கு ஏழாம் மாதம் கோயிலில் சோறூட்டினோம். முதல் வாய்ச் சோறு அப்பன் வழித் தாத்தா ஊட்ட வேண்டும். நான் கை கழுவக் குழாயடிக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் அவன் பிள்ளையை மடியில் வைத்து, வெள்ளிக் கரண்டியால் முதல் வாய் ஊட்டிவிட்டான். கேட்டால், "நல்ல நேரம் முடியப் போவுதுன்னு ஐயர் சொன்னாரு சம்மந்தி" என்றான். குழாயில் தண்ணீர் நூலாக வந்தது சார், அதுதான் நேரம் பிடித்தது. எட்டு வருஷம் ஆகப் போகிறது. நான் அதை விட்டுவிட்டேன். நினைப்பதே இல்லை.

சரி, வயிற்று வலிக்கு வருகிறேன். ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் தன்சிக்கு வயிறு வலித்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்துவிட்டாள். முதுகும் வலிக்கிறது என்றாள். வாந்தி வேறு. நான் பார்த்ததும் சொல்லிவிட்டேன், சூடு என்று. அத்தனை மருந்து உள்ளே போனால் சூடு பிடிக்காமல் என்ன செய்யும்? தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தேன். உள்ளங்காலிலும் தடவினேன். சுகந்தி, "மாமா, வயிறு வலிச்சா உடனே போன் பண்ணணும்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காங்க மாமா" என்றாள். "டாக்டருக்குச் சூட்டைப் பத்தி என்னம்மா தெரியும், காலைல பாப்போம்" என்றேன். அதில் என்ன தப்பு? என் மகனுக்கும் சின்ன வயதில் விளக்கெண்ணெய்தான்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? விடிந்ததும் அவள் அப்பனுக்குப் போன் செய்துவிட்டாள்.

அன்றைக்குச் செவ்வாய், சந்தை நாள். அந்த ஆள் ஆடு பிடித்துக்கொண்டு குட்டியானை வண்டியில் போய்க்கொண்டிருந்தவன், அப்படியே என் வீட்டுக்கு வந்தான். பின்னால் நாலு ஆடு. உள்ளே வந்தான், பிள்ளையைப் பார்த்தான், தூக்கினான், வண்டியில் வைத்தான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் வீடு சார். என் வீட்டிலிருந்து என் பேத்தியை என்னைக் கேட்காமல் தூக்கிக்கொண்டு போகிறான். முன்னால் அவன், சுகந்தி, பிள்ளை. இடம் இல்லை. "நீங்க பின்னால ஏறிக்கங்க சம்மந்தி" என்றான்.

வேடசந்தூரிலிருந்து மதுரை வரைக்கும் நாலு ஆட்டோடு போனேன். முப்பத்தொரு வருஷம் கேட்டில் நின்றவன் ஆட்டோடு நின்றேன். சமயநல்லூர் தாண்டும்போது ஒன்று துண்டைத் தின்ன ஆரம்பித்தது. ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டி வண்டியை மறித்து, "பேஷண்டு யாருங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான். எனக்குப் பக்கத்திலிருந்த கிடா பதில் சொன்னது.

பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். கணையம் வீங்கியிருக்கிறதாம். அப்படி ஒரு உறுப்பு இருப்பதே எனக்குத் தெரியாது சார். அறுபத்தெட்டு வருஷமாக என் வயிற்றுக்குள்ளும் இருந்திருக்கிறது, ஒரு வார்த்தை சொன்னதில்லை. டாக்டரம்மா சின்ன வயது. ஒரு சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். இரைப்பைக்குப் பின்னால் மக்காச்சோளக் கதிர் மாதிரி ஒன்று படுத்திருக்கிறது. அந்த ஆள் எட்டிப் பார்த்து, "ஆட்டுக்கும் உண்டுங்கம்மா, நான் டெய்லி பாக்குறேன்" என்றான். பெரிய படிப்பாளி.

டாக்டரம்மா சொன்னார்: "கெட்ட அணுவுக்குப் பிழைக்க ஒரு சத்து வேணும். நாம போடுற ஊசி அந்தச் சத்தைப் பிடுங்கி, அதைப் பட்டினி போட்டுக் கொல்லுது. நல்ல மருந்து. ஆனா சில பிள்ளைங்களுக்குக் கணையத்தை வீங்க வச்சிரும்."

நான் விடவில்லை. "அம்மா, போன ஞாயித்துக்கிழமை இந்த ஆள் பிள்ளைக்கு ஆட்டீரல் வறுத்துக் கொண்டாந்தான். ரத்தம் ஊறும்னு சொல்லி. அதுல ஒரு சட்டி எண்ணெ."

"விளக்கெண்ணெயத் தொப்புள்ல ஊத்துனது யாரு? அது மட்டும் பன்னீரா?" என்றான் அவன்.

"ஈரலாலயும் வரல, விளக்கெண்ணெயாலயும் வரல. ஊசியாலதான் வந்துச்சு" என்றார் டாக்டரம்மா. எங்கள் இரண்டு பேருக்குமே அது திருப்தியாக இல்லை. பிறகு, "நல்ல வேளை, இன்னைக்கே கூட்டிட்டு வந்தீங்க. இன்னும் ஒரு நாள் போயிருந்தா ரொம்பக் கஷ்டமாயிருக்கும்" என்றார். சொல்லும்போது அந்த ஆளைப் பார்த்துச் சொன்னார். நானும் அங்கேதான் நின்றேன். நானும் அதே வண்டியில்தான் வந்தேன்.

அடுத்து இன்னொன்று. பிள்ளைக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, இன்சுலின் போட வேண்டும் என்றார்கள். எனக்குச் சர்க்கரை உண்டு. அவனுக்கும் உண்டு. "இது உங்க வழிதான் சம்மந்தி, உங்க அம்மா சர்க்கரையிலதான போனாங்க" என்றான். எனக்கு எப்படி இருக்கும்? "ஒன் கால்ல புண்ணு ஆறாம வருஷக் கணக்கா கெடந்துச்சே, அது எந்த வழி?" என்றேன். வராண்டாவில் நின்று எங்கள் வம்சத்தில் யார் யாருக்குச் சர்க்கரை என்று இரண்டு பேரும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தோம். நர்ஸ் வந்து, "பெரியவரே, அதுவும் மருந்தாலதான்" என்றாள். அந்த மருந்து ஒருத்தருக்கும் சண்டை போட இடம் வைக்கவில்லை சார்.

கடைசியில் சொன்னார்கள், வீக்கம் வற்றும் வரைக்கும் வாய் வழியாக ஒன்றும் கொடுக்கக் கூடாது. சோறு, பால், பிஸ்கட் எதுவும் கூடாது. டிரிப்ஸ்தான். உதட்டை வேண்டுமானால் நனைக்கலாம்.

ஏற்கெனவே பிள்ளைக்குக் கொடுத்த மாத்திரையில் ஒன்று பசியைக் கிளப்பும். முந்தின வாரம்தான் காலையில் ஆறு இட்லி தின்றவள். அவளுக்குப் போய் ஒன்றும் கூடாது என்றால்?

அப்போதுதான் அந்த ஆள் நாடகத்தை ஆரம்பித்தான். வராண்டாவில் சொந்தக்காரர்கள் ஆறேழு பேர் இருந்தார்கள். என் மகனும் திருப்பூரிலிருந்து வந்துவிட்டான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எம்பேத்தி வாயில கஞ்சி எறங்குற வரைக்கும் இந்தக் காத்தமுத்துக்கும் சோறு கெடையாது" என்றான். பெண்கள் எல்லாம் "ஐயோ அப்பச்சி" என்று கண்ணைத் துடைத்தார்கள். நான் சும்மா நிற்க முடியுமா? "எனக்குச் சோறும் கெடையாது, தண்ணியும் கெடையாது" என்றேன்.

தண்ணீரைச் சேர்த்திருக்கக் கூடாது. சித்திரை மாதம், மதுரை வெயில். இரண்டு மணி நேரம் தாங்கினேன். அப்புறம் யோசித்தேன், சர்க்கரை மாத்திரை போடத் தண்ணீர் வேண்டுமே? மாத்திரைத் தண்ணீர் கணக்கில் வராது. ஒரு செம்பு குடித்தேன். டீ? டீ என்பது தண்ணீர்தான். மூன்றாம் நாள் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டேன். அது கோயில் பிரசாதம். வாழைப்பழம் கணக்கில் வராது சார். மற்றபடி சுத்தப் பட்டினி. அந்த ஆள்தான் ஏமாற்றினான். பக்கத்தில் போனால் மல்லித்தழை வாசனை அடித்தது. கறிக்கடைக்காரன் மேல் அந்த வாசனை எப்போதும் அடிக்கும் என்று என் மகன் சொல்கிறான். அவன் மாமனாருக்கு அவன் பரிந்து பேசுகிறான்.

இதில் பிள்ளை ஒரு காரியம் செய்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒவ்வொருத்தராக, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்கலாம். முதல் நாள் நான் போனேன். கையில் குழாய், தலையில் முடி இல்லை, உதடு வெடித்திருக்கிறது. என்னைப் பார்த்ததும், "மில் தாத்தா, இன்னிக்கி என்ன சாப்பிட்ட?" என்றாள்.

சாப்பிடவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சொல்லு தாத்தா. அம்மா சொல்ல மாட்டேங்குது. நீயாச்சும் சொல்லு. கேட்டாப் பசி கொஞ்சம் அடங்குது" என்றாள்.

என்ன செய்வேன்? "நாலு இட்லி" என்றேன்.

"தொட்டுக்க?"

"சட்னி."

"என்ன சட்னி? தாளிச்சிருந்தாங்களா? கடுகு பல்லுல பட்டுச்சா?"

எனக்குத் தெரியவில்லை சார். நான் முப்பத்தொரு வருஷம் தூக்குப் போணியில் மோர்ச்சோறு தின்றவன். சாப்பாட்டைப் பற்றிப் பேசத் தெரியாது. "நல்லாருந்துச்சு" என்றேன். பிள்ளை முகம் வாடிவிட்டது.

அடுத்து அவன் உள்ளே போனான். வெளியே கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன். கையை விரிக்கிறான், குவிக்கிறான், எலும்பைத் தட்டி மஜ்ஜையை உறிஞ்சுகிற மாதிரி செய்கிறான். சீரகச் சம்பா பிரியாணியாம், தாளிச்சாவாம், கடைசியில் ஜிகர்தண்டாவாம். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். "கறித் தாத்தாதான் நல்லா சாப்புடுது" என்று சுகந்தியிடம் சொன்னாளாம்.

நான் நேராக டாக்டரம்மாவிடம் போனேன். "அந்த ஆள் பிள்ளைக்குப் பிரியாணிக் கதை சொல்றான். பிள்ளைக்கு எச்சி ஊறுது. கணையம் பொங்காதா?"

டாக்டரம்மா என் கண் இமையை இழுத்துப் பார்த்தார். "நீங்க சாப்பிட்டீங்களா?" என்றார். அது இப்போது எதற்கு? பிறகு, "கதையில கொழுப்பு கெடையாது தாத்தா. அவ சிரிக்கிறா. நல்லா சொல்லுங்க" என்றார்.

அதாவது இதில் நான் தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த புரோட்டாக் கடைக்குப் போனேன். சாப்பிட இல்லை, பார்க்க. கல்லுக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் மனதில் ஏற்றினேன். மாவை எப்படி வீசுகிறான், எண்ணெய் எப்போது விடுகிறான், அடித்து உதிர்க்கும்போது என்ன சத்தம். மாஸ்டர் கேட்டான், "பெருசு, சாப்பிடுறீங்களா, இல்ல பரிச்சைக்குப் படிக்கிறீங்களா?"

"சால்னாவுல என்னய்யா போடுவ?" என்றேன்.

"கடை வைக்கப் போறீங்களா?"

"பேத்திக்குச் சொல்லணும்."

அவன் சிரித்துவிட்டு, கசகசா, தேங்காய், சோம்பு என்று வரிசையாகச் சொன்னான். வாயில் எச்சில் ஊறி, தலை சுற்றி, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பினால், பக்கத்துக் கடை வாசலில் இட்லிக் குண்டானுக்கு முன்னால் அந்த ஆள் நிற்கிறான். அவனும் ஒன்றும் வாங்கவில்லை. அவனும் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். நான் பார்த்தேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் தன்சிக்குப் புரோட்டாவைச் சொன்னேன் சார். முக்கால் மணி நேரம். நர்ஸ் வந்து வெளியே போகச் சொன்னாள், சொல்லிவிட்டு அவளே நின்று சால்னா வரைக்கும் கேட்டாள். "மில் தாத்தா, நாளைக்கும் புரோட்டாவே சாப்பிடு" என்றாள் பிள்ளை. அந்த ஆள் அன்று வெறும் இட்லி சொன்னான். எடுபடவில்லை.

நாலாம் நாள் வலி இறங்கியது. நாளைக் காலை எட்டு மணிக்கு நாலு கரண்டி கஞ்சித் தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாம், ஒத்துக்கொண்டால் தப்பித்தோம், வலி திரும்பினால் மறுபடியும் பட்டினிதான் என்றார்கள்.

நான் உடனே கடைக்குப் போய்ப் புது எவர்சில்வர் கரண்டி வாங்கினேன். வெந்நீரில் மூன்று தடவை கழுவினேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் குழாயடியில் விட்டது. இந்த முறை கையை முதல் நாளே கழுவிவிட்டேன்.

காலை ஆறு மணிக்கு வார்டு கதவுக்கு முன்னால் போய் நின்றேன். கதவுக்கு முன்னால் நிற்பது எனக்குத் தொழில். பத்து நிமிஷத்தில் அவனும் வந்தான். சட்டைப் பையில் துணி சுற்றி ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. பிரித்தான். அதே வெள்ளிக் கரண்டி சார்! கோயிலில் ஊட்டியது. எட்டு வருஷம் எடுத்து வைத்திருக்கிறான்.

"இது அப்பன் வழித் தாத்தா உரிமை" என்றேன்.

"புள்ளையத் தூக்கியாந்தது யாரு?" என்றான்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. நான் கரண்டியை நீட்டிக்கொண்டு ஒரு அடி முன்னால் போனேன். அவனும் கரண்டியை நீட்டினான். இரண்டு கரண்டியும் டங்கென்று இடித்தன. அவ்வளவுதான் நினைவு. அவன் முதலில் விழுந்தான். நான் விழவில்லை. அவனைப் பிடிக்கப் போனேன், தரை மேலே வந்துவிட்டது.

நாலு நாள் சோறு இல்லாமல் சர்க்கரை மாத்திரை மட்டும் போட்டிருக்கிறோம். எமர்ஜென்சியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டுக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சர்க்கரை எனக்கு நாற்பத்தெட்டு. அந்த ஆளுக்கு ஐம்பத்திரண்டு. எழுதிக் கொடுத்த சீட்டு இன்னும் என் பையில் இருக்கிறது, காட்டட்டுமா? குறைவாக இருக்கிறவன்தானே உண்மையாகப் பட்டினி கிடந்தவன்? அங்கே இருந்த டாக்டர் எங்களைத் திட்டினார் பாருங்கள், மில்லில் கூட அப்படி நான் திட்டு வாங்கியதில்லை. "மேல ஒரு பிள்ளை பிழைக்கப் போராடுது, கீழ நீங்க ரெண்டு கெழவங்களும் சாகப் பாக்குறீங்களா?" ஆளுக்கு ஒரு தம்ளர் உப்பில்லாத கஞ்சி கொடுத்துக் குடித்த பிறகுதான் விட்டார்கள்.

மேலே போகும்போது மணி பன்னிரண்டு. இரண்டு பேரையும் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். அவன் நாற்காலியை ஒரு முழம் முன்னால் தள்ளினார்கள், அது தனிக்கதை. வார்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தன்சி உட்கார்ந்திருந்தாள். சுகந்தி கதவைத் திறந்து, "அப்பவே குடுத்தாச்சு மாமா. உங்க ரெண்டு பேருக்காகவும் எட்டரை வரைக்கும் பாத்தோம். நீங்க வரல. அவளே கரண்டிய வாங்கி அவளே குடிச்சிட்டா" என்றாள்.

என்ன கரண்டி என்றேன். ஆஸ்பத்திரிப் பிளாஸ்டிக் கரண்டி.

"வலிச்சுச்சா?" அந்த ஆள் கேட்டான்.

"இதுவரைக்கும் இல்லப்பா. சாயங்காலம் வரைக்கும் பாக்கணுமாம்."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்து, பிள்ளை வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் கை வயிற்றுப் பக்கம் போனால் இரண்டு பேரும் நாற்காலியில் முன்னால் சாய்வோம். ஒரு தடவை குனிந்தாள். அந்த ஆள் என் கையைப் பிடித்துவிட்டான். கீழே விழுந்த பென்சிலை எடுக்கத்தான் குனிந்திருக்கிறாள். கையை விட்டுவிட்டான்.

ஐந்து மணி ஆயிற்று. வலி வரவில்லை. அன்றைக்கு மட்டும் இரண்டு பேரையும் ஒன்றாக உள்ளே விட்டார்கள். "என்ன சாப்பிட்டீங்க ரெண்டு பேரும்?" என்றாள்.

நான் சொன்னேன், "கஞ்சி தாயி. உப்பில்லாத கஞ்சி."

அவனும் சொன்னான், "கஞ்சிதான் சாமி. ஒரு தம்ளர்."

எங்களை மாற்றி மாற்றிப் பார்த்தாள். "பொய். ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டுப் பொய் சொல்றீங்க" என்றாள். நாலு நாளாகப் பிரியாணியும் புரோட்டாவும் சொன்னோம், நம்பினாள். ஒரு நாள் உண்மையைச் சொன்னோம், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுவும் அவனோடு நான் பேசி வைத்துக்கொண்டேனாம்! அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இனி இந்த ஆளோடு ஒரு வார்த்தை கிடையாது என்று.

அந்த ஊசியை அவளுக்கு இனிப் போட மாட்டார்களாம் சார். வேறு மருந்து கொடுக்கிறார்கள். அது கெட்ட அணுவைப் பட்டினி போடுமா போடாதா என்பதை ரத்தத்தில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இன்றைக்கு அதுதான். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கிற நாள். ஆஸ்பத்திரிப் பக்கத்திலேயே ரூம் எடுத்துச் சுகந்தியும் பிள்ளையும் இருக்கிறார்கள். பதினோரு மணிக்குப் பிறகுதான் பிள்ளை சாப்பிடுவாள். கொழுப்பு ஆகாது, எண்ணெய் ஆகாது. என் மடியில் இருக்கிற இந்தப் போணியா? இது அந்த ஆளுடையது. கோழி நெஞ்சுக்கறி, சொட்டு எண்ணெய் இல்லாமல் மிளகு போட்டு வேகவைத்தது. நாற்பது வருஷம் கொழுப்போடு எடை போட்டவன், இப்போது கண்ணாடியை மாட்டிக்கொண்டு நூல் நூலாகக் கொழுப்பை உரிக்கிறான். கீழே வைத்தால் சாய்ந்துவிடும், அதனால் மடியில் வைத்திருக்கிறேன். வேறொன்றும் இல்லை.

அதோ வருகிறான். நீங்கள் உட்காருங்கள் சார், அவசரம் இல்லை, ஏறி வரட்டும்.

என்ன, சம்பந்தி உங்களிடம் ஏதோ கேட்கிறாரா? என் மாத்திரையைப் பற்றியா? சாப்பிட்ட பிறகுதான் போடுவேன், வெறும் வயிற்றில் போட மாட்டேன் என்று சொல்லுங்கள். சார், நீங்களும் ஒன்று கேளுங்கள். சாப்பிட்டாரா என்று கேளுங்கள். நான் கேட்டேன் என்று சொல்லாதீர்கள்.

என்னது, நாலு புரோட்டாவா? சால்னாவா? பொய் சார். இவ்வளவு நேரம் கடை வாசலில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார். பிள்ளை சாப்பிடாமல் இவர் சாப்பிட மாட்டார். எனக்கு எப்படித் தெரியுமா? நானும்தான் இன்னும் சாப்பிடவில்லை.

கொஞ்சம் இருங்கள். இந்தாருங்கள், இந்தப் பையில் இரண்டு இருக்கிறது. ஒன்றை உரித்து அவர் கையில் கொடுங்கள். வாங்க மாட்டார். வாழைப்பழம் கணக்கில் வராது என்று சொல்லுங்கள்.